ஆப்பிரிக்க, அரபு நவீன ஓவியத்துக்குள் நுழைய ஒரு வழி: கார்த்தூமில் தொடங்குங்கள்

கூகுளில் "ஆப்பிரிக்க ஓவியம்" என்று தேடிப் பாருங்கள். அந்தி வெயில், தலையில் குடம் சுமக்கும் பெண்கள், முகமூடி, சிங்கம் என்று வரும். "அரபு ஓவியம்" என்று தேடினால் ஒட்டகம், பாலைவனம், தங்க நிறத்தில் அழகெழுத்து. பெரும்பாலும் சுற்றுலா வருகிறவர்களுக்கு விற்கிற சரக்கு. கடந்த நூறு வருடங்களில் கெய்ரோவிலும் பாக்தாத்திலும் கார்த்தூமிலும் லாகோஸிலும் ஓவியர்கள் உட்கார்ந்து யோசித்து, ஒருவரோடொருவர் சண்டை போட்டு, அறிக்கை எழுதி, சிலர் சிறைக்கும் போய் உருவாக்கிய கலை அந்தத் தேடலில் மேலே வரவே வராது. அதற்குள் எப்படிப் போவது என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கலைக் கல்லூரிப் படிப்பு எதுவும் தேவையில்லை. போன் அல்லது கம்ப்யூட்டர், ஒரு நோட்டு, பேனா, ஓர் அளவு நாடா, கொஞ்சம் சாக்பீஸ் இருந்தால் போதும். அளவு நாடா எதற்கு என்று பின்னால் சொல்கிறேன்.

முதல் விஷயம்: கண்டத்திலிருந்து தொடங்காதீர்கள். ஆப்பிரிக்காவில் 54 நாடுகள், அரபு லீக்கில் 22 நாடுகள், அந்த 22-இல் 10 ஆப்பிரிக்காவிலேயே இருக்கின்றன. இத்தனையையும் ஒரே மூச்சில் "ஆப்பிரிக்கக் கலை", "அரபுக் கலை" என்று பிடிக்கப் போனால் கையில் எதுவும் நிற்காது. ஒரு நகரத்தை எடுங்கள், அதில் ஓர் ஆளை எடுங்கள், அவர் யாரிடம் படித்தார், யாருக்குச் சொல்லிக்கொடுத்தார், யாரோடு சண்டை போட்டார் என்று போங்கள். அந்த ஓர் ஆள் வழியாகவே பக்கத்து நாடுகளும் தானாக வந்துவிடும். என்னைக் கேட்டால் முதல் நகரம் சூடானின் தலைநகர் கார்த்தூம்தான். சூடான் இரண்டு பக்கத்துக்கும் சொந்தம். ஆப்பிரிக்காவா அரபா என்ற கேள்வியை அந்த ஊர் ஓவியர்கள் தங்கள் கேன்வாஸிலேயே வைத்துப் பேசியிருக்கிறார்கள்.

முதல் ஆள்: இப்ராஹிம் எல்-சலாஹி

1930-இல் கார்த்தூமுக்கு எதிர்க்கரையில் உள்ள ஓம்துர்மானில் பிறந்தவர். அப்பா குர்ஆன் பள்ளி நடத்தினார். அந்தப் பள்ளிகளில் பிள்ளைகள் மரப்பலகையில் வசனத்தை மையால் எழுதுவார்கள், மனப்பாடம் ஆனதும் கழுவிவிட்டு அடுத்ததை எழுதுவார்கள், ஒரு பகுதி முடிந்தால் பலகையை அலங்கரிப்பார்கள். சலாஹியின் கை முதலில் பழகியது அந்தப் பலகையில். அப்புறம் கார்த்தூமில் கலைப் படிப்பு, 1954 முதல் 1957 வரை லண்டனில் ஸ்லேட் என்ற கலைப் பள்ளி. ஐரோப்பிய முறையில் நன்றாகத் தேறித் திரும்பி வந்து கார்த்தூம் கிராண்ட் ஹோட்டலில் கண்காட்சி வைத்தார். திறப்பு விழாவுக்குக் கூட்டம் வந்தது. அதற்குப் பிறகு யாரும் எட்டிப் பார்க்கவில்லை. மறுபடி வைத்தார், அதே கதைதான்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள், ஏனென்றால் இந்த நூறு வருடக் கதையின் பெரும்பகுதி இந்த ஒரு சம்பவத்துக்குள் இருக்கிறது. லண்டனில் பாராட்டு வாங்கிய கை, சொந்த ஊரில் யாரோடும் பேச முடியவில்லை. சலாஹி கொஞ்ச காலம் வரைவதையே நிறுத்திவிட்டு, நாட்டைச் சுற்றி, மக்கள் தங்கள் வீட்டுச் சுவரில் என்ன மாட்டுகிறார்கள், எதில் கோலமும் குறியும் போடுகிறார்கள் என்று பார்த்தார். எங்கும் எழுத்தும் அலங்காரமும்தான் கண்ணில் பட்டன. திரும்பி வந்து ஓவியத்தின் மூலையில் தபால்தலை அளவுக்குச் சின்னதாக அரபு எழுத்தைச் சேர்த்தார். ஆட்கள் கொஞ்சம் கிட்டே வந்தார்கள். எழுத்தைப் பரப்பினார், இன்னும் கிட்டே வந்தார்கள். அதன் பிறகு செய்ததுதான் பெரிய காரியம்: எழுத்தையே உடைத்தார். உடைந்த எழுத்தின் வளைவுகளுக்குள்ளிருந்து மனித முகம், விலங்கு, செடி என்று உருவங்கள் வெளியே வர ஆரம்பித்தன.

இப்போது லண்டன் டேட் அருங்காட்சியகத்தின் இணையதளத்துக்குப் போய் அவர் பெயரைத் தேடுங்கள். "குழந்தைப் பருவக் கனவுகளின் மறுபிறவி ஒலிகள்" என்ற பொருள் வரும் தலைப்பில், 1961 முதல் 1965 வரை வரைந்த ஓவியம் ஒன்று இருக்கும். விளக்கக் குறிப்பை இப்போதே படிக்காதீர்கள், கீழே தள்ளிவிடுங்கள். படத்தை மட்டும் ஒரு பத்து நிமிடம் பாருங்கள். பத்து நிமிடம் என்பது போன் திரையில் நீளமான நேரம், தெரியும். ஆனாலும் பாருங்கள், ஏனென்றால் முதல் இரண்டு நிமிடத்தில் "ஏதோ பேய் உருவங்கள்" என்பதோடு மனசு நின்றுவிடும். அதன் பிறகுதான் நீண்டு மெலிந்த உடல்களும் முகமூடி போன்ற முகங்களும் தனித்தனியாகப் பிரியும், ஒரு வளைவு கொம்பா பிறையா எழுத்தின் வாலா என்ற கேள்வி வரும், நிறங்கள் எவ்வளவு குறைவு என்பது உறைக்கும். கறுப்பு, வெள்ளை, காவி, மண் மஞ்சள். சூடான் மண்ணின் நிறங்களோடு நிறுத்திக்கொள்வது அவர் தெரிந்தே எடுத்த முடிவு.

பார்த்ததை நோட்டில் நான்கைந்து வரி எழுதுங்கள். அழகான வாக்கியம் வேண்டாம், கண்ணில் பட்டது மட்டும் போதும். அப்புறம் குறிப்பைப் படியுங்கள்.

ஒரு எச்சரிக்கை. அரபு எழுத்து தெரியாததால் எதையோ தவற விடுகிறோம் என்ற தயக்கம் நிறையப் பேருக்கு இருக்கிறது. இந்த ஓவியங்களில் பெரும்பாலான இடங்களில் எழுத்து வாசிக்கிற நிலையில் இல்லை. அரபு தெரிந்தவருக்கும் அது சொல்லாகச் சேராது. பேனாவை எடுத்து அந்த வளைவுகளை நோட்டில் வரைந்து பாருங்கள். எங்கே அழுத்தம், எங்கே திருப்பம், எங்கே கை நிற்கிறது என்பது வரையும்போதுதான் பிடிபடும்.

அடுத்த பயிற்சி, இதே ஆளின் மூன்று காலங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது. சலாஹி 1975-இல் கலாச்சார அமைச்சகத்தில் பதவியில் இருந்தபோது, ஆட்சிக் கவிழ்ப்புக்கு உடந்தை என்ற சந்தேகத்தில் கைது செய்யப்பட்டு, விசாரணை இல்லாமல் கோபர் சிறையில் ஏறத்தாழ ஆறு மாதம் இருந்தார். அங்கே பேனாவும் காகிதமும் வைத்திருப்பது குற்றம். கிடைத்த காகிதத் துண்டுகளில் வரைந்து மணலுக்குள் புதைத்து வைத்தார். சின்னத் துண்டில் ஒரு கருவை வரைவது, அதைச் சுற்றி இன்னொரு துண்டை ஒட்டி வளர்ப்பது என்ற முறை அங்கே பிறந்தது. வெளியே வந்து நாட்டை விட்டுப் போன பிறகு, 1984–85-இல், "தவிர்க்க முடியாதது" என்ற தலைப்பில் ஒன்பது பலகைகளில் கறுப்பு மையால் வரைந்த பெரிய படம் அதே முறையில் வளர்ந்ததுதான். இப்போது அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மூன்றாவது, முதுமையில் வலியோடு நாற்காலியில் உட்கார்ந்தபடி மாத்திரை அட்டைப் பெட்டிகளைப் பிரித்து அவற்றின் பின்புறத்தில் வரைந்த வலி நிவாரணச் சித்திரங்கள். மூன்றையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். நிறம் போய்விடுகிறது, கோடு நிற்கிறது. ஒரு சின்னப் பரப்பிலிருந்து உலகத்தைக் கட்டி எழுப்பும் பழக்கம் சிறையில் வந்தது, கடைசிவரை கூட இருந்தது. இதை எந்த விமர்சகரும் உங்களுக்குச் சொல்ல வேண்டாம், கண்ணாலேயே தெரியும்.

சலாஹியோடு நிறுத்தாதீர்கள். ஒரே போக்கில் வரையும் ஓவியர் கூட்டத்தையும் பள்ளி என்பார்கள்; அப்படி ஒரு பள்ளியைப் பார்த்தால் அதை எதிர்த்தவரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் பாதிதான் பார்த்திருக்கிறோம். கார்த்தூம் பள்ளி என்று சலாஹி, அகமது ஷிப்ரைன் போன்றவர்களைச் சேர்த்துச் சொல்வார்கள். அதிலேயே வளர்ந்தவர் கமலா இப்ராஹிம் இஸ்ஹாக். கார்த்தூம் கலைக் கல்லூரியில் படித்த முதல் பெண்களில் ஒருவர். அழகெழுத்து, பாரம்பரியம் என்ற பேச்சு ஆண்களின் உலகமாகவே சுழல்கிறது என்று பட்டு, 1970களின் நடுவில் மாணவர்களோடு சேர்ந்து கிரிஸ்டலிஸ்ட் என்ற குழுவைத் தொடங்கினார். 1976-இல் அறிக்கை வெளியானது. அவர் படங்களில் வருவது ஸார் என்ற ஆவி இறங்கும் சடங்கில் கூடும் பெண்கள். கண்ணாடிக் கட்டி வழியாகப் பார்ப்பது போலக் கோணி நெளிந்த முகங்கள், செடிகளோடு பின்னிக்கிடக்கும் உடல்கள். சலாஹியை ஒரு வாரம் பார்த்துவிட்டு இவரிடம் வந்தால் அந்த மறுப்பின் பலம் தெரியும்.

நோட்டில் என்ன எழுத வேண்டும்

ஒவ்வொரு படைப்புக்கும் இவ்வளவு போதும்: எந்த வருடம், எதில் செய்தது, என்ன அளவு, இப்போது எங்கே இருக்கிறது. இந்த நாலும் அருங்காட்சியகப் பக்கங்களில் தலைப்புக்குக் கீழேயே இருக்கும், ஆனால் எல்லோரும் தாண்டிப் போய்விடுவார்கள்.

வருடத்துக்குப் பக்கத்தில் அந்த நாட்டின் அரசியல் வருடத்தை எழுதுங்கள். சூடான், மொராக்கோ விடுதலை 1956. கானா 1957. ஈராக்கில் மன்னராட்சி கவிழ்ந்தது 1958. நைஜீரியா, செனகல், மாலி 1960. அல்ஜீரியா 1962. இந்த வரிசை கையில் இருந்தால் பல விஷயங்கள் தானாக விளங்கும். நைஜீரியாவில் ஸாரியா கல்லூரி மாணவர்கள் 1958-இல் சங்கம் அமைத்து, பிரிட்டிஷ் பாடத்திட்டம் சொல்வதை அப்படியே விழுங்க மாட்டோம், எங்கள் மரபையும் வெளியிலிருந்து வந்ததையும் நாங்களே கலந்துகொள்கிறோம் என்று சொன்னது, கொடி மாறுவதற்கு இரண்டு வருடம் முன்னால்.

அளவுதான் போன் திரை நம்மிடமிருந்து பறித்துக்கொள்ளும் முதல் விஷயம். அதற்குத்தான் அளவு நாடா. மேலே சொன்ன சலாஹி ஓவியம் ஏறத்தாழ 2.6 மீட்டர் உயரம், அதே அகலம். வீட்டுச் சுவரிலோ மொட்டை மாடித் தரையிலோ சாக்பீஸால் அந்தச் சதுரத்தைப் போட்டு அதன் முன்னால் நில்லுங்கள். அந்த உருவங்கள் உங்களைவிட உயரம். ஈராக் ஓவியர் தியா அஸ்ஸாவி, பெய்ரூட்டின் சப்ரா, ஷட்டிலா முகாம்களில் நடந்த படுகொலையைப் பற்றி 1982–83-இல் வரைந்தது 3 மீட்டர் உயரம், 7.5 மீட்டர் அகலம். அந்தச் செவ்வகத்தைப் போடப் பெரும்பாலான வீடுகளில் சுவர் கிடைக்காது. அதை அவர் வரைந்தது பால்பாயிண்ட் பேனா, பென்சில் போன்ற சாதாரணச் சாமான்களால், காகிதத்தில். இந்த இரண்டு தகவலும் தெரியாமல் திரையில் அதைப் பார்ப்பது பார்த்ததாகவே ஆகாது.

பாக்தாத்: வலமிருந்து இடம்

கார்த்தூம் கொஞ்சம் பழகியதும் பாக்தாத்துக்குப் போங்கள். தஹ்ரீர் சதுக்கத்தில் விடுதலைச் சின்னம் இருக்கிறது. ஜவாத் சலீம் செய்தது. பாரிஸ், ரோம், லண்டன் என்று படித்தவர். நடுவில் போர்க் காலத்தில் பாக்தாத் தொல்பொருள் துறையில் வேலை பார்த்தபோது சுமேரிய, அசிரியச் சிற்பங்களோடு நாளெல்லாம் இருந்தவர். 1951-இல் பாக்தாத் நவீனக் கலைக் குழுவைத் தொடங்கினார். 1237-இல் மகாமாத் என்ற அரபுக் கதைத் தொகுப்புக்குச் சித்திரம் வரைந்த யஹ்யா அல்-வாசிதியைத்தான் அந்தக் குழு தன் முன்னோராகக் கொண்டது.

சின்னத்தின் படம் ஒன்றை முழு அகலத்துக்குத் திறந்துகொள்ளுங்கள். 50 மீட்டர் நீளத்தில், போராட்டத்தில் பிடிக்கும் பதாகையைப் போலத் தரைக்கு மேலே உயர்த்திப் பிடித்த கல் பலகை. அதில் 14 வெண்கலத் தொகுதிகள். வலது கோடியிலிருந்து தொடங்குங்கள், அரபு எழுத்து ஓடும் திசையில். முதலில் திமிறும் குதிரையும் அதைச் சுற்றி ஆட்களும். அப்புறம் பதாகை ஏந்தியவர்கள், ஒரு குழந்தை, அழும் பெண், இறந்த மகன் மேல் குனிந்த தாய், சிறைக் கைதி. நடுவில் கம்பிகளை உடைத்துக்கொண்டு பாயும் சிப்பாய், தலைக்கு மேல் சூரிய வட்டம். அந்த இடத்தைத் தாண்டியதும் உடல்களின் இறுக்கம் தளர்வதைக் கவனியுங்கள். தீவட்டியோடு ஒரு பெண், டைகிரிஸும் யூப்ரடீஸும் இரண்டு பெண்களாக, விவசாயம், காளை, கடைசியில் தொழிலாளி. இடமிருந்து வலமாகப் பார்த்தால் அமைதியில் தொடங்கிக் குமுறலில் முடிகிற தலைகீழ்க் கதையாகிவிடும்.

1958 புரட்சிக்குப் பிறகு ஆட்சிக்கு வந்த அப்துல் கரீம் காசிமின் அரசுதான் இந்த வேலையைக் கொடுத்தது. ஆனால் காசிமின் உருவம் அதில் எங்கும் இல்லை. வேலை முடிவதற்குள், 1961 ஜனவரியில், சலீம் மாரடைப்பில் இறந்துபோனார். 2019 அக்டோபரில் அரசை எதிர்த்து இளைஞர்கள் திரண்டு மாதக்கணக்கில் உட்கார்ந்தது இந்தச் சின்னத்தின் அடியில்தான். ஆட்சியாளரின் முகம் இல்லாததால்தான் எத்தனை ஆட்சி மாறியும் அது மக்கள் பக்கம் நிற்கிறது என்பது என் எண்ணம்.

பாக்தாத் ஓவியங்களைத் தேடும்போது ஒரு சிக்கல் வரும்: பல படைப்புகளுக்குப் பழைய கறுப்பு-வெள்ளைப் புகைப்படம் மட்டும்தான் கிடைக்கும். 2003 படையெடுப்பின்போது அங்கிருந்த நவீனக் கலை அருங்காட்சியகம் சூறையாடப்பட்டு ஆயிரக்கணக்கான படைப்புகள் போய்விட்டன. அதனால் "இருக்குமிடம் தெரியவில்லை" என்ற குறிப்பைப் பார்த்தால் தாண்டிப் போகாதீர்கள், நோட்டில் எழுதுங்கள். கார்த்தூமுக்கும் 2023 ஏப்ரலில் தொடங்கிய போரில் இதே கதி; தேசிய அருங்காட்சியகம் சூறை போனது, ஓவியர்கள் கெய்ரோ, நைரோபி என்று சிதறிப் போனார்கள்.

என்சுக்கா: கையால் செய்து பாருங்கள்

நைஜீரியாவின் கிழக்கே உள்ள பல்கலைக்கழக ஊர். ஸாரியா மாணவர் சங்கத்தில் இருந்த உச்சே ஒகேகே, பியாஃப்ரா போர் என்ற உள்நாட்டுப் போர் முடிந்த 1970-இல் இங்கே ஆசிரியராக வந்தார். அந்தப் பகுதியின் இக்போ இனப் பெண்கள் உடம்பிலும் வீட்டுச் சுவரிலும் போடும் உலி என்ற சித்திரமுறையைப் பாடத்துக்குள் கொண்டுவந்தார். அவருடைய அம்மாவே உலியில் கைதேர்ந்தவர். நம் வாசல் கோலத்தைப் போலவே அதுவும் பெண்களின் கை வேலை, அழியத்தான் போகிறது என்று தெரிந்தே போடுவது. உடம்பில் போட்டால் ஏறத்தாழ ஒரு வாரத்தில் மங்கிவிடும். உலியில் கோட்டைவிட வெற்றிடம்தான் அதிகம்.

இதைப் புரிந்துகொள்ள வழி, ஒகேகேயின் 1960களின் பேனாச் சித்திரங்களில் ஒன்றை எடுத்துப் பிரதி எடுப்பதுதான். ஒரே தடவை, அழிக்காமல். எத்தனை குறைவான கோட்டில் ஒரு தலையும் கழுத்தும் வந்துவிடுகிறது என்பது கை நிற்கும் இடத்தில் தெரியும். அப்புறம் அதே பாணியில் உங்கள் வீட்டுப் பூனையையோ பாட்டியையோ வரையுங்கள். காகிதத்தில் பெரும்பகுதி வெறுமையாக இருக்க வேண்டும். கஷ்டம், ஆனால் இந்த ஒரு பயிற்சி பல பக்கக் கட்டுரைக்குச் சமம்.

இதே துறையில் 1975-இல் சேர்ந்தவர் எல் அனாட்சுய், கானாக்காரர், கெண்டே என்ற கானாவின் பாரம்பரியத் துணி நெய்யும் குடும்பம். முதலில் மரம், மண்பாண்டம் என்று செய்தவர், 1990களின் கடைசியில் மது பாட்டில் மூடிகளைத் தட்டையாக்கி, மடித்து, முறுக்கி, செப்புக் கம்பியால் ஒன்றோடொன்று கட்ட ஆரம்பித்தார். உதவியாளர்கள் சேர்ந்து கட்டக் கட்ட அது சுவர் உயரத்துக்குத் துணியாக விரியும். தூரத்திலிருந்து பட்டு, கிட்டே போனால் பிராண்டி, விஸ்கி, ரம் பெயர்கள். ஐரோப்பியர் மேற்கு ஆப்பிரிக்கக் கடற்கரைக்குக் கொண்டுவந்த வியாபாரச் சரக்குகளில் மதுவும் ஒன்று, அதைக் கொடுத்து அடிமைகளை வாங்கினார்கள் என்பது தெரிந்தால் அந்த மினுமினுப்பைப் பார்க்கும் கண்ணே மாறும். அவரைப் பார்க்கும்போது ஒரே படைப்பின் வெவ்வேறு கண்காட்சிப் படங்களைத் தேடி எடுத்து ஒப்பிடுங்கள். மடிப்புகள் ஒவ்வோர் இடத்திலும் வேறாக இருக்கும், ஏனென்றால் எப்படித் தொங்கவிடுவது என்பதை மாட்டுகிறவர்களிடமே விட்டுவிடுகிறார்.

நைஜீரியா வரை வந்துவிட்டதால் நமக்கு உண்மையாகவே தொடர்புள்ள ஒன்றைச் சொல்ல வேண்டும். நைஜர் டெல்டாவில் உள்ள கலபாரி மக்களுக்கு நூற்றாண்டுகளாக நம் மெட்ராஸ் கட்டம் போட்ட துணிதான் மரியாதைத் துணி. இஞ்சிரி என்பார்கள். நெய்த துணியிலிருந்து குறிப்பிட்ட நூல்களை மட்டும் பிளேடால் அறுத்து இழுத்து, புது வடிவம் வரவைத்து, பெலெட்டே பீட்டே என்று அதற்கு வேறு பெயரும் கொடுத்துத் தங்களுடையதாக ஆக்கிக்கொண்டார்கள். பிறப்புக்கும் வேண்டும், சாவுக்கும் வேண்டும். கலபாரி ஊரான புகுமாவில் 1958-இல் பிறந்த சிற்பி சொகாரி டக்ளஸ் கேம்ப் இரும்புத் தகட்டை வெட்டிப் பற்றவைத்துச் செய்யும் உருவங்களைப் பார்க்கும்போது, அந்த உடைகளின் மேல் ஒரு கண் வையுங்கள்.

இன்னும் சில வாசல்கள்

காசாபிளாங்கா (மொராக்கோ): ஃபரீத் பெல்காஹியா, முகமது மெலேஹி, முகமது ஷபா. கலைப் பள்ளியில் கிரேக்கச் சிலைகளைப் பார்த்து வரைவதை ஓரம் கட்டிவிட்டு, கம்பளம், நகை, மசூதிக் கூரைச் சித்திரங்களைப் பாடமாக்கினார்கள். 1969-இல் மர்ரகேஷ் ஜமா எல்-ஃப்னா சதுக்கத்தில், பாம்பாட்டிகளும் கதைசொல்லிகளும் கூடும் அதே இடத்தில், வெயிலில் ஓவியங்களை மாட்டினார்கள். மெலேஹியின் அலைகளைப் பார்த்தால் சட்டென்று மனசு திறக்கும், சிறு பிள்ளைகளோடு தொடங்குவதாக இருந்தால் இங்கேயே தொடங்கலாம்.

கெய்ரோ: மஹ்மூத் முக்தாரின் இளஞ்சிவப்புக் கருங்கல் சிலை, எகிப்தின் விழிப்பு, 1928. எழுந்து உட்காரும் ஸ்பிங்க்ஸ், பக்கத்தில் முகத்திரையை விலக்கும் கிராமத்துப் பெண். இன்ஜி எஃப்லாத்தூன் 1959 முதல் 1963 வரை அரசியல் கைதியாக இருந்தபோது சிறைக்குள் வரைந்த பெண் கைதிகளின் ஓவியங்களைத் தவறவிடவே கூடாது.

பமாக்கோ (மாலியின் தலைநகர்): ஓவியம் வேண்டாம், புகைப்படம் பிடிக்கும் என்றால் சேதூ கெய்டாவிடம் போங்கள். 1948-இல் ஸ்டூடியோ திறந்தார். பின்னால் தொங்கும் பூப்போட்ட துணி முதலில் அவருடைய சொந்தப் படுக்கை விரிப்பு. சில வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவார், பிற்காலத்தில் எந்தத் துணி என்று பார்த்துத்தான் அவரே படத்தின் காலத்தைச் சொன்னார். படத்தில் இருப்பவரின் உடையில் ஒரு பூ, திரையில் ஒரு பூ, இரண்டும் மோதும் இடத்தில் முகமும் கையும் எப்படித் தனித்து நிற்கின்றன என்று பாருங்கள். 1991-இல் நியூயார்க்கில் இந்தப் படங்கள் சில "பெயர் தெரியாத புகைப்படக்காரர்" என்ற குறிப்போடு மாட்டப்பட்டன. அவர் அப்போது பமாக்கோவில் உயிரோடு இருந்தார். எங்காவது "பெயர் தெரியாத ஆப்பிரிக்கக் கலைஞர்" என்று பார்த்தால் சும்மா விடாதீர்கள், கேளுங்கள், தேடுங்கள்.

தவிர்க்க வேண்டியவை

எதைப் பார்த்தாலும் "பிக்காசோ மாதிரி இருக்கிறது" என்று சொல்லும் பழக்கத்தை விடுங்கள். பிக்காசோ ஆப்பிரிக்க முகமூடிகளைப் பார்த்துத்தான் அந்த முகங்களுக்கு வந்தார். அதைத் திருப்பி ஆப்பிரிக்க ஓவியரின் தலையில் கடனாக எழுதுவது நியாயமில்லை.

"இஸ்லாத்தில் உருவம் கூடாது, அதனால்தான் எழுத்தும் வடிவியலும்" என்ற விளக்கத்தையும் நம்பாதீர்கள். வாசிதியும் முக்தாரும் சலீமும் உருவம் செய்தவர்கள்தான். எழுத்தை எடுத்தவர்கள் தங்களுக்கு வேறு காரணம் இருந்து எடுத்தார்கள், சலாஹி கதையில் பார்த்தோம்.

ஏலச் செய்தியை வைத்து மதிப்பிடாதீர்கள். நைஜீரிய ஓவியர் பென் என்வோன்வுவின் "டுட்டு" லண்டனில் ஒரு வீட்டில் கண்டெடுக்கப்பட்டு 2018-இல் 12 லட்சம் பவுண்டுக்குப் போனபோது, உலகம் முழுக்க விலைதான் செய்தி. வரைந்தவர் இக்போ, அமர்ந்தவர் யொரூபா இளவரசி; உள்நாட்டுப் போரில் எதிரெதிர்ப் பக்கம் நின்ற இரண்டு இனங்கள். வருடம் 1974, அந்தப் போர் முடிந்து நாலு வருடம். நைஜீரியர்கள் அந்த ஓவியத்தின் பிரதியை வீட்டுச் சுவர்களில் மாட்டி வைத்திருந்ததற்குக் காரணம் அதில் இருக்கிறது, விலையில் இல்லை.

பெயர்களை ஒரே எழுத்துக்கூட்டலில் தேடாதீர்கள். ஆங்கிலத்தில் எல், அல் இரண்டும் வரும். ஜவாத், ஜெவாத் என்றும் வரும். அரபு எழுத்தில் பெயரை ஒட்டித் தேடினால் பல மடங்கு கூடுதலாகக் கிடைக்கும். மொராக்கோ, செனகல், மாலி ஆட்களுக்குப் பிரெஞ்சுப் பக்கங்களை மொழிபெயர்ப்பியில் போட்டுப் படியுங்கள்.

எங்கே பார்ப்பது

இணையத்தில் டேட், நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகமான மோமா, வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் ஆப்பிரிக்கக் கலை அருங்காட்சியகம் மூன்றிலும் நல்ல படங்கள் உண்டு. அரபு உலகத்துக்கு ஷார்ஜாவின் பர்ஜீல் ஆர்ட் பவுண்டேஷன் தன் சேகரிப்பை இணையத்தில் வைத்திருக்கிறது. தோஹாவில் 2010-இல் திறந்த மத்ஹஃப் அருங்காட்சியகம் நடத்தும் கலைக்களஞ்சியத்தில் ஓவியர் வாழ்க்கைக் குறிப்புகள் ஒழுங்காக இருக்கும். நேரில் பார்க்க ஊரிலிருந்து பக்கம் என்றால் கொச்சி-முசிறிஸ் பினாலே (இரண்டு வருடத்துக்கு ஒருமுறை என்ற கணக்கில் நடக்கும் பெரிய கலைக் கண்காட்சியைப் பினாலே என்பார்கள்). 2018-இல் தென்னாப்பிரிக்காவின் வில்லியம் கென்ட்ரிட்ஜ், சூ வில்லியம்சன், ஜனேலே முஹோலி மூவரின் படைப்புகளும் அங்கே வந்தன. அடுத்த பினாலே அறிவிப்பு வந்ததும் கலைஞர் பட்டியலில் நாட்டைப் பார்த்து, இரண்டு பேரை முன்கூட்டியே படித்துவிட்டுப் போங்கள்.

வளைகுடாவில் வேலை பார்ப்பவர்களுக்குத்தான் உண்மையில் யோகம். இந்தக் கட்டுரையில் வரும் அரபுப் பெயர்களில் பலரின் அசல் படைப்புகள் ஷார்ஜா ஆர்ட் மியூசியத்தில், பஸ் ஏறிப் போகிற தூரத்தில் இருக்கின்றன. 1993 முதல் ஷார்ஜா பினாலே நடக்கிறது, நுழைவுக் கட்டணம் கிடையாது. துபாய், அஜ்மானில் இருப்பவர்கள் ஒரு விடுமுறை நாளில், எல்லா அறையையும் முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் இல்லாமல், ஒரே ஓர் அறையில் இரண்டு ஓவியங்களுக்கு முன்னால் மட்டும் நின்றுவிட்டு வாருங்கள். நோட்டை எடுத்துக்கொண்டு போங்கள். பல அருங்காட்சியகங்களில் உள்ளே பேனாவை விட மாட்டார்கள், அதனால் பென்சில்.